சதுரங்க நிரல்களுள் பாடமாகத் தக்கவை

நிரலாக்கம் கற்கப் புகும் தமிழ் மாணவர் எந்த நிரலை முதற்கண் படித்தல் வேண்டும் என்னும் வினாவை நம் துறைகளில் எழுப்புவார் அரியர். செய்யுள் இயற்ற விழைவானுக்கு முன்னோர் செய்யுளைக் கொடுத்து ஓதச் செய்தலும், உரை எழுத விழைவானுக்குப் பழைய உரைகளைக் கொடுத்துப் பயிற்றுதலும் நம் மரபு. நிரலாக்கத்தில் இம்மரபு தலைகீழாகக் கிடக்கின்றது. மாணவன் நிரல்மொழியின் சொல்லையும் தொடரையும் கற்ற அன்றே எழுதத் தொடங்கிவிடுகின்றான். பிறர் ஒருவர் நிறைவாக இயற்றிய நிரல் ஒன்றனை முதலிலிருந்து முடிவுவரை படித்து, இவ்வரி ஈண்டு ஏன் நின்றது எனத் தனக்குள் வினவி விடைகண்டவனாக அவன் இருப்பதில்லை. யாப்பிலக்கணம் மட்டும் கற்றுக் கவிபாட முற்பட்டவன் நிலையே அவன் நிலையும்.

இக்குறையைப் போக்கச் சதுரங்கம் ஆடும் நிரல்கள் பெரிதும் உதவும் என்பது நம் கருத்து. இவற்றுள் பல, மூலம் மறைக்கப்படாமல், எவரும் படிக்கவும் திருத்தவும் இசைவு பெற்று உலவுகின்றன. ஆயினும் அவை எல்லாம் பாடமாகத் தக்கவை அல்ல. எவை தக்கவை, எவை தகாதவை, அத்தகுதியை எங்ஙனம் அறிவது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்பெறும்.

தமிழாராய்ச்சி இதழில் சதுரங்கத்திற்கு என்ன இடம் என்று வினவுவார் இருக்கலாம். அவர்க்கு நாம் கூறும் விடை இரண்டு. முதலாவது, இவ்வாட்டத்தின் விதிகள் சிலவே. அவையும் நம் மாணவருக்குப் பழக்கமானவை. திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரில் இறைவனே சதுரங்க வல்லபநாதர் எனப் பெயர் பூண்டு, ஆட்டத்தில் வென்று அரசன் மகளை மணந்ததாகத் தலக்கதை வழங்குகின்றது. 2022-இல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாடு நடந்ததையும், 2024 திசம்பரில் சென்னை இளைஞர் குகேசு உலக வாகையர் ஆனதையும் அறியாத மாணவர் இலர். ஆதலின் ஆட்டத்தை விளக்குவதில் காலம் போக்காது நிரலுக்குள் நேரே புகலாம். இரண்டாவது விடையே எமக்கு முதன்மையானது. சொற்றொடரைப் பிரித்துப் பொருள் காணும் கணிப்பொறியும், சதுரங்கத்தில் அடுத்த நகர்வைத் தேடும் கணிப்பொறியும் செய்யும் தொழில் அடிப்படையில் ஒன்றே. இதனைப் பின்னர் விரிப்போம்.

ஒரு கோடை விடுமுறையில் முதுகலை மாணவர் எழுவரோடு நாம் உவரியில் பத்து நாள் தங்கியிருந்தோம். அவருள் ஒருவர்க்கு அது சொந்த ஊர். உவரி என்பது கடலுக்கும் உவர்நீருக்கும் பெயர். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடிக் கடற்கரையில், சுயம்புலிங்க சுவாமி கோயிலும் கப்பல் வடிவில் எழுப்பிய மாதா கோயிலும் கொண்டு விளங்கும் அவ்வூர்க்கு அப்பெயர் இயல்பாகவே பொருந்துகின்றது. மாணவரின் நோக்கம் புணர்ச்சி பிரிக்கும் நிரல் ஒன்றை எழுதுவது. எழுதுமுன் ஒரு நிரலைப் படிப்போம் என்று யாம் கூறியபோது, அவர்கள் ஒரே குரலாகக் கேட்டது உலகில் வலிமை மிக்க சதுரங்கப் பொறியாகிய ஸ்டாக்பிஷ் என்பதனையே. சிறந்ததைக் கற்பதுதானே முறை என்பது அவர் வாதம். அதனைத் தடுக்கவில்லை. முதல் மூன்று நாளும் அதிலேயே கழிந்தன. அம்மூன்று நாளின் பயன், அதனைப் பாடமாகக் கொள்ளலாகாது என்று அவர்களே உணர்ந்ததுதான்.

அஃது ஏன் என்பது எண்ணத் தக்கது. ஸ்டாக்பிஷ் தாழ்ந்த நடையில் எழுதப்பட்டதன்று; அதன் ஒழுங்கு பாராட்டத் தக்கதே. ஆயினும் அந்நிரலில் பல்லாண்டு உழைப்பின் முடிவு மட்டுமே எஞ்சி நிற்கின்றது. முடிவுக்கு வந்த வழி அழிந்துவிட்டது. 2013 முதல் அதில் செய்யப்பெறும் ஒவ்வொரு மாற்றமும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பொறியையே ஆடச் செய்து, வெற்றி மிகுந்தால் ஏற்றும் குறைந்தால் தள்ளியும் முடிவு செய்யப்படுகின்றது. ஆகவே தேடலின் இடையே ஓர் எண் நின்றால், அவ்வெண் ஏன் அவ்வளவாயிற்று என்பதற்கு ஆட்டத்தில் வென்றது என்பதன்றி வேறு விடை இல்லை. நிலையை மதிப்பிடும் பகுதியோ இன்னும் அரிது. 2020-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பில், சப்பானியச் சதுரங்கமாகிய சோகிக்கென யூ நாசு 2018-இல் வகுத்த நரம்பு வலை முறை புகுந்தது; 2024-இல் வந்த 16.1 பதிப்பில் மனிதர் கைப்பட எழுதிய மதிப்பீடு முற்றும் நீக்கப்பட்டது. அரசன் காவலின்றி நிற்றல் தீது, காலாள் தனித்து நிற்றல் குறை என்றெல்லாம் சொல்லால் எழுதியிருந்த அறிவு அனைத்தும் இப்போது எண்களின் பெருந்தொகுதியாய்க் கிடக்கின்றது. அது வெல்லும், ஆனால் வாய்திறந்து சொல்லாது. கற்பிக்கும் நூலுக்கு இது பெருங்குறை.

அங்கே மின்சாரம் அடிக்கடி நின்றது. அதனால் வேறு வழியின்றி நான்காம் நாள் தாளில் அச்சிட்டுப் படிக்கத் தொடங்கினோம். தற்செயலாக நேர்ந்த இத்தடையே ஒரு நல்ல உரைகல் ஆயிற்று. ஒரு நிரல் பாடமாகத் தக்கதா என்று ஐயுற்றால், அதனை அச்சிட்டு ஒரு திண்ணையில் அமர்ந்து இரண்டு மூன்று நாளில் படித்து முடிக்க இயலுமா என்று பார்த்தல் வேண்டும். இயலாதாயின் அது மேற்கோள் நூலாகலாம்; பாடநூல் ஆகாது.

இவ்வுரைகல்லில் முதற்கண் நின்றது டாம் கெரிகன் 1997-இல் சி மொழியில் இயற்றிய எளிய சதுரங்க நிரல். டி.எஸ்.சி.பி. என்னும் சுருக்கப் பெயரால் அது வழங்கும். பலகை, திறப்புநூல், தரவு, மதிப்பீடு, தேடல், முதன்மைப் பகுதி என ஆறு கோப்புகளாக அது அமைந்திருப்பதால், சதுரங்கப் பொறி ஒன்றன் உறுப்புகள் எவை என்பது கோப்புப் பெயர்களைப் படித்த அளவிலேயே விளங்கிவிடும். பலகையில் நிகழக்கூடிய நகர்வுகளைப் பிறப்பிப்பது ஒரு செயற்கூறு, ஒரு கட்டம் எதிரியின் தாக்குதலுக்கு உட்பட்டதா என்று சொல்வது ஒன்று, நகர்த்துவது ஒன்று, நகர்த்தியதை மீட்பது ஒன்று. ஒவ்வொன்றும் தன் தொழிலைத் தவிரப் பிறிதொன்றைச் செய்வதில்லை.

அந்நிரலில் மாணவர் மிக வியந்தது பலகையை அமைத்த முறை. சதுரங்கப் பலகையில் கட்டங்கள் 64. அவற்றை 0 முதல் 63 வரை எண்ணிட்டால் குதிரையின் பாய்ச்சலைக் கூட்டல் கழித்தலால் குறிக்கலாம். ஆயின் பலகையின் விளிம்பில் நிற்கும் குதிரை வலப்புறம் வெளியேறி, அடுத்த வரிசையின் இடப்புறத்தில் முளைத்துவிடும். இதனைத் தடுக்க ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பல நிபந்தனைகள் எழுத வேண்டியிருக்கும். கெரிகன் கொண்ட வழி வேறு. மேலும் கீழும் இரண்டிரண்டு வரிசையும் இருபக்கத்தும் ஒவ்வொரு நிரையும் வெற்றிடமாகச் சேர்த்து, 12 வரிசையும் 10 நிரையும் கொண்ட 120 அறைகளாகப் பலகையை அகலச் செய்தார். வெற்றிட அறைகளில் ஒன்று குறைந்த சுழியம், அதாவது −1, நிற்கும். வலக்கீழ் மூலைக் கட்டம் இதில் 98-ஆம் அறை. ஆங்கு நிற்கும் குதிரைக்கு 21, 19, 12, 8 என்னும் எண்களைக் கூட்டியும் கழித்தும் எட்டுப் பாய்ச்சல் உண்டு. கூட்டிப் பெற்ற நான்கும் பலகைக்குக் கீழே வெற்றிடத்தில் விழும். கழித்தால் 77, 79, 86, 90 என்பன கிடைக்கும். 79 வலப்பக்க வெற்றிடம். 90 இடப்பக்க வெற்றிடம். எஞ்சியவை 77-உம் 86-உம் ஆகிய இரண்டே. மூலையில் நிற்கும் குதிரைக்கு நகர்வு இரண்டே என்பது ஆடுவார் அனைவரும் அறிந்தது. நிபந்தனை ஏதுமின்றி, அறையில் −1 நிற்கின்றதா என்று பார்த்த அளவில் உண்மை வெளிப்பட்டுவிடுகின்றது. வினையை எளிதாக்கும்பொருட்டுப் பொருளை அமைத்துக்கொள்வது நல்ல நிரலாக்கம் என்று பத்து விரிவுரையில் கூறினாலும் பதியாத செய்தி, இவ்வொரு பக்கத்தால் பதிந்தது.

தேடலின் அடிப்படையையும் இந்நிரல் கொண்டே விளக்கினோம். கிளாடு சானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்வு உண்டு எனக் கொண்டு, ஆட்டம் முழுதையும் எண்ணிப் பார்த்தல் எந்தப் பொறிக்கும் இயலாது என்பதை நிறுவினார். நான்கு நகர்வு ஆழம் நோக்கினாலே 30-இன் நான்காம் அடுக்கு, அஃதாவது 8,10,000 முடிவுநிலைகள். ஆயின், எதிரி ஒரு நல்ல மறுமொழி கொண்டு ஒரு நகர்வைப் பயனற்றதாக்கிவிட்டால், அந்நகர்வுக்கு அவனுடைய ஏனை மறுமொழிகளையும் தேடுவது வீண். ஒரு சான்று பொய்த்தது என்று தெளிந்தபின் அதற்கு மேலும் மறுப்புத் தேடுவார் யார்? ஆல்பா பீட்டா வெட்டு எனப்படும் இம்முறையால், நகர்வுகள் சிறந்த வரிசையில் நோக்கப்படின், அதே நான்கு நகர்வு ஆழத்துக்கு 1,799 முடிவுநிலைகள் போதும். வரிசை கெட்டால் இப்பயன் குன்றும். ஆகலின் வல்லபொறிகள் அறிவின் பெரும்பகுதியை எதனை முன்னே நோக்குவது என்பதிலேயே செலவிடுகின்றன.

அந்நிரலில் அமைதித் தேடல் என்று ஒரு தனிச் செயற்கூறு உண்டு. ஆழம் முடிந்த இடத்தில் ஒரு காய் மற்றொன்றை வெட்டிக்கொண்டிருக்குமாயின் அந்நிலையை அப்படியே மதிப்பிடலாகாது; வெட்டுகள் ஓயும்வரை தொடர்ந்து சென்று மதிப்பிட வேண்டும். வினைமுற்று வருமுன் தொடரை நிறுத்திப் பொருள் கொள்ளுதல் போன்ற பிழை இது என்று ஒரு மாணவர் கூறினார். அதனினும் நல்ல உவமை எமக்குத் தோன்றவில்லை.

டி.எஸ்.சி.பி.யின் வேகம் குறைவு. பலகை நிலைக்குரிய அடையாள எண்ணை ஒவ்வொரு நகர்வுக்கும் 64 கட்டத்தையும் சுற்றி வந்து புதிதாகவே அது கணக்கிடும். மாறிய கட்டங்களை மட்டும் திருத்தி அதனை விரைவாக்கலாம். ஆசிரியர் அறியாமல் விட்டதன்று அது. தெளிவுக்காக விரைவைத் துறந்தார் என்றே நாம் கொள்கின்றோம். மாணவனுக்கு இது மற்றொரு வகையில் நன்மை; திருத்துவதற்கு இடமுள்ள நூலே பயிற்சி நூல். ஒன்று மட்டும் குறிப்பிடுதல் வேண்டும். படிக்கவும் இயக்கவும் இசைவு உண்டெனினும், பகுதிகளை எடுத்தாள ஆசிரியரின் தனி இசைவு வேண்டும் என்னும் குறிப்புடன் நெடுங்காலம் வழங்கியது அது. மூலம் கண்ணுக்குத் தெரிவதும் மூலம் திறந்திருப்பதும் வேறு வேறு.

சுருக்கத்தையே தகுதியாகக் கொள்வாரும் உளர். அவர் பாராட்டுவது முல்லர் என்பார் 2000 குறியீட்டிற்குள் அடங்குமாறு இயற்றிய மைக்ரோமேக்ஸ். நன்னூலார் நூலழகு பத்தனுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்து, அதன்பின் விளங்க வைத்தலை வைத்தார். மைக்ரோமேக்ஸில் முதலாவது நிரம்ப உண்டு. இரண்டாவது நிரலுக்கு வெளியே ஆசிரியர் எழுதிய விளக்கத்தில்தான் உண்டு. சித்திரகவி போல வியக்கத் தக்கது. அதனைக் கொண்டு உரைநடை கற்பிக்க முற்படுதல் ஆகாது.

இதற்கு எதிர்க்கோடியில் நிற்பது கிராஃப்டி. 1983-இலும் 1986-இலும் கணிப்பொறிச் சதுரங்க உலகப் போட்டியில் வென்ற கிரே பிளிட்சு என்னும் நிரலை இயற்றியவருள் ஒருவராகிய ராபர்ட் ஹையாட், அலபாமாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்து இயற்றியது அது. பதிப்புதோறும் என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை நிரலுக்குள்ளேயே நெடிய குறிப்பாக அவர் எழுதிவைத்திருக்கின்றார். மூலத்தினும் உரை சுவையானது என்று சொல்லத்தக்க சில நூல்களுள் இதுவும் ஒன்று. முதல் நூலாக அன்றி மூன்றாம் நூலாகக் கொள்ளலாம்.

இனி, பத்து நாளில் எமக்குப் பெரும்பயன் தந்த நிரலுக்கு வருவோம். அது தாமசு ஆலே பைத்தான் மொழியில் இயற்றிய சன்ஃபிஷ். அட்டவணைகளையும் குறிப்புகளையும் நீக்கின் நூற்றுச் சில்லறை வரிகளே. இதிலும் பலகை 120 அறைகள்தாம்; ஆனால் அவை எண்களின் வரிசையாக அன்றி, 120 குறியீடு கொண்ட ஓர் எழுத்துச் சரமாக அமைந்துள்ளன. வரிசைக்குப் பத்துக் குறியீடு. முதலில் ஒரு வெளி, பிறகு எட்டுக் கட்டம், இறுதியில் வரிமுறிவு. ஆங்கிலப் பேரெழுத்து ஆடுவோன் காய். சிற்றெழுத்து எதிரியின் காய். நிரல் எப்போதும் ஒருவன் பக்கத்திலிருந்தே ஆடும். அடுத்தவன் முறை வந்தால், சரத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிப் பேரெழுத்தைச் சிற்றெழுத்தாகவும் சிற்றெழுத்தைப் பேரெழுத்தாகவும் மாற்றிவிடும். கறுப்புக்கென ஒரு விதியும் வெள்ளைக்கென ஒரு விதியும் எழுத வேண்டிய தேவை இதனால் ஒழிந்தது. ஆசிரியரின் இச்சூழ்ச்சி எமக்கு மிக இனித்தது.

மாணவர் இதனைத் தமிழில் ஆடச் செய்ய விரும்பினர். குதிரைக்குக் ‘கு’, யானைக்கு ‘யா’ எனக் காய்ப்பெயரின் முதலெழுத்தை இட்டனர். நிரல் ஒரு நகர்வும் காணவில்லை. காரணம் இரண்டு. நமக்குக் ‘கு’ ஓர் எழுத்து. கணிப்பொறியின் ஒருங்குறியில் அது ககரமும் உகரக்குறியும் ஆகிய இரண்டு குறியீடு. ‘குதிரை’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து, பைத்தானுக்கு ஆறு. இரு குதிரை நின்ற வரிசை அவற்றாலேயே இரண்டு குறியீடு நீண்டு, அதன் கீழுள்ள கட்டங்கள் எல்லாம் தத்தம் இடத்தினின்று பெயர்ந்தன. சரத்தைத் திருப்பியபோதோ உகரக்குறி ககரத்துக்கு முன்னே போய் நின்றது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. தமிழில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் இல்லை. தன் காய் எது என்பதைப் பேரெழுத்தா என்று கேட்டே அறியும் நிரலுக்குத் தமிழெழுத்து அனைத்தும் அயலான் காய்களாகவே தோன்றின.

இந்த இடரை அவர்கள் தீர்த்த வழியை ஈண்டுப் பதிவு செய்தல் தகும். சதுரங்கக் காய்களின் வகை ஆறு. வல்லினமும் ஆறு, மெல்லினமும் ஆறு. அன்றியும் ஒவ்வொரு வல்லெழுத்துக்கும் இனமாகிய மெல்லெழுத்து ஒன்று உண்டு. அரசனுக்குக் ககரம், அரசிக்குச் சகரம், யானைக்கு டகரம், மந்திரிக்குத் தகரம், காலாளுக்குப் பகரம், குதிரைக்கு றகரம் என வகுத்து, எதிரியின் காய்களுக்கு முறையே ங, ஞ, ண, ந, ம, ன என்பவற்றை இட்டனர். அகரமேறிய மெய்யாதலின் ஒவ்வொன்றும் ஒரே குறியீடு. பலகை 120 அறையினின்று வழுவாது. பேரெழுத்தா என்று வினவிய இடமெல்லாம் வல்லினமா என்று வினவச் செய்தனர். பேரெழுத்து சிற்றெழுத்து மாற்றத்துக்கு ஈடாக இனவெழுத்து மாற்றம் நின்றது. திருத்திய வரிகள் சிலவே. அன்று மாலை பொறி தமிழில் ஆடி எம்மை வென்றது. (எம்மை வெல்லுதல் அரிய செயலன்று.)

விளையாட்டாகச் செய்த இதனால் விளைந்த அறிவு விளையாட்டன்று. நூல்களின் எழுத்தை எண்ணியும் சீரை அளந்தும் ஆய்வு செய்ய முற்படுவார், கணிப்பொறியின் எண்ணிக்கையை எழுத்தின் எண்ணிக்கை எனக் கொண்டு பிழைபட்ட முடிவுகளுக்கு வருதல் எளிது. பலகை ஒன்று கண்முன் கோணிப்போனதைக் கண்ட மாணவர் இனி அப்பிழை செய்யார்.

நிரலைப் படித்தால் மட்டும் போதாது. திருத்தியபின் அது பிழையற்றதா என்று காணும் வழியும் வேண்டும். சதுரங்க நிரலார் இதற்கு ஓர் அருமையான வழி வைத்துள்ளனர். தொடக்க நிலையிலிருந்து குறித்த ஆழம்வரை முறையாக நிகழக்கூடிய நகர்வுத் தொடர்களை எல்லாம் எண்ணினால் 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என வரும். உன் நிரல் நான்காம் படியில் 1,97,280 என்று கூறினால் எங்கோ ஒன்று விடுபட்டது என்பது உறுதி. எனினும் இவ்வெண்கள் ஒத்ததனாலேயே மகிழ்ந்துவிடலாகாது. தொடக்க நிலையில் நான்கு படிக்குள், காலாளைக் கடந்து வெட்டுதல் என்னும் விதி ஒருமுறையும் நிகழாது. அரசன் கோட்டை கட்டுதலோ ஐந்து படிக்குள்ளும் நிகழாது. அவ்விதிகளில் பிழையிருப்பினும் எண் ஒத்து நிற்கும். இதனாலேயே சிக்கல்கள் நிறைந்த கிவிபீட் என்னும் நிலையையும் வைத்துச் சோதிப்பர். அதற்குரிய எண்கள் 48, 2,039, 97,862. எளிய எடுத்துக்காட்டு மட்டும் கொண்டு சூத்திரத்தை நிலைநாட்டுவார் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. எண்ணிச் சோதிக்கும் வழி தன்னகத்தே உள்ள நிரலையே பாடமாகத் தேர்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

தேர்வில் கருதவேண்டிய மற்றொன்று நிரலின் வழிமுறை. தொல்காப்பியர் நூலை முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாக்கினார். நிரல்களுக்கும் இது பொருந்துகின்றது. நார்வே நாட்டு டார்டு ரோம்சுடாடு இயற்றிய கிளாரங் முதனூல். 2008-இல் இத்தாலியர் மார்கோ காசுடால்பா அதனை விரித்தது ஸ்டாக்பிஷ். நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைத்த கருவாடு என்பது அப்பெயரின் உட்பொருள்; உவரியில் இதற்கு உரை தேவைப்படவில்லை. பிரெஞ்சு நாட்டு ஃபாபியன் லெதூசி இயற்றிய ஃப்ரூட் 2.1, ஜி.பி.எல். என்னும் உரிமத்துடன் 2005-இல் வெளிவந்தது. அவ்வாண்டே உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. குனு செஸ் 6 அதன்வழி வந்ததே. ஃப்ரூட்டைப் படித்து வளர்ந்த நிரலாசிரியர் பலர். நடைத்தெளிவில் அதனை மிஞ்சும் வல்லபொறி யாம் கண்டதில்லை, சன்ஃபிஷும் டி.எஸ்.சி.பி.யும் கற்றபின் படிக்கத்தக்கது அதுவே.

வழியை மறைத்தல் பற்றிய வழக்கும் அந்நிரலைச் சார்ந்தே எழுந்தது. ரிப்கா என்னும் பொறி ஃப்ரூட்டினின்றும் கிராஃப்டியினின்றும் எடுத்தாண்டு அதனைக் கூறாது விட்டது என்று கணிப்பொறி ஆட்டங்களுக்கான பன்னாட்டுக் கழகம் 2011-இல் முடிவு செய்து, அதன் பட்டங்களைப் பறித்தது. ஆசிரியர் வாசிக் ராஜ்லிக் அதனை மறுத்தார். அவர்மீது விதித்த வாழ்நாள் தடை முறையன்று எனப் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் அறநெறிக் குழு 2015-இல் கூறிற்று. ஸ்டாக்பிஷ் ஆசிரியர் செஸ்பேஸ் நிறுவனத்தின்மீது உரிமத்தை மீறியதாக 2021-இல் தொடுத்த வழக்கோ 2022 நவம்பரில் இணக்கத்தில் முடிந்தது. நம் மாணவர்க்கு இவை அயல்நாட்டுச் செய்திகள் அல்ல. ஆக்கியோன் பெயரும் வழியும் சிறப்புப் பாயிரத்தில் கூறப்பட வேண்டும் என்பது நன்னூல் கற்ற எவர்க்கும் தெரியும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஜி.பி.எல். நிறுத்தும் குறிப்பு அப்பாயிரமே. அதனை நீக்கிவிட்டு நிரலைத் தனதென வைப்பவன் பாயிரத்தைக் கிழித்து நூலைக் கவர்ந்தவனாவான்.

இறுதியாக, முன்னர்க் கூறிய புணர்ச்சிக்கு வருவோம். ‘தாமரை’ என்பது பூவாகவும், தா, மரை எனப் பிரிந்து தாவும் மரையாகவும் நிற்கும் பொதுமொழி என்பதை அறிவோம். ‘தாமரையிலை’ என்னும் தொடரில் எழுத்து ஐந்து. வெட்டக்கூடிய இடைவெளி நான்கு. ஆகவே புணர்ச்சித் திரிபை எண்ணாமலே 16 வழி. இருபது எழுத்துத் தொடராயின் 5,24,288 வழி. ஒவ்வொரு வெட்டிலும் உடம்படுமெய்யை நீக்குதல், திரிந்த மெய்யை மீட்டல், கெட்ட உகரத்தைச் சேர்த்தல் எனக் கிளைகள் மேலும் பெருகும். இத்தேடலில் விதியே வெட்டும் கருவி. ‘தாமரை, இல், ஐ’ என ஒரு கிளை சென்றால், தனிக்குறிலின் முன் நின்ற ஒற்று இரட்டி ‘இல்லை’ என்றே ஆகியிருக்க வேண்டும். தொடரில் ‘இலை’ என நிற்றலின் அக்கிளை அங்கேயே அறுபடும். அதன்கீழ் நோக்க வேண்டுவதில்லை.

இவ்வொப்புமையை அளவு கடந்து கொள்ளுதலும் தவறு. சதுரங்கத்தில் எதிரி உண்டு, புணர்ச்சியில் இல்லை. ஆல்பா பீட்டா முறை எதிரியின் மறுமொழியை அடிப்படையாகக் கொண்டதாதலின் அதனை இங்கு அப்படியே எடுத்துப் பொருத்தலாகாது. மாணவர் இருவர் அங்ஙனம் பொருத்த முயன்று ஒரு நாளை இழந்தனர். எடுத்துக்கொள்ளத் தக்கவை நான்கே: நிலையைக் குறிக்கும் முறை, கிளைகளைப் பிறப்பித்தல், செய்ததை மீட்டுப் பின்வாங்குதல், முடிவுநிலைக்கு மதிப்பிடுதல். இந்நான்கும் டி.எஸ்.சி.பி.யில் நான்கு தனிச் செயற்கூறுகளாக நின்றமையால், எதனைக் கொள்வது எதனைத் தள்ளுவது என்பதை அவர்கள் காண முடிந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிரலாயின் இப்பகுப்பு இயன்றிராது.

பிரிப்பு நிரலை அவர்கள் ஒன்பதாம் நாள் தொடங்கினர். ஆட்டப் பொறியின் எண்சோதனை போலவே, விடை முன்பே அறிந்த தொடர்களின் பட்டியல் ஒன்றை முதலில் எழுதிக்கொண்டனர். உடம்படுமெய் வந்த இடங்களிலும் வல்லொற்று மிகுந்த இடங்களிலும் அது இப்போது பெரும்பாலும் தவறுவதில்லை. ‘கஃறீது’ என்பதனைக் கல், தீது எனப் பிரிக்க அதனால் இன்னும் இயலவில்லை. ஆய்தத்தை மெய்யோடு சேர்த்து மீட்பதா, தனியே நிறுத்தி மீட்பதா என்பதில் மாணவர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர்.